பர்மாத் தூணும் சைகை மொழியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டுப் பழைய வீடுகளைப் பற்றியும் அவற்றைப் பார்க்க வரும் பயணிகளைப் பற்றியும் தங்கள் நாளிதழில் அவ்வப்போது கட்டுரைகள் வருகின்றன. ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை என்ற முறையில் அவற்றை விடாமல் படித்து வருகிறேன். ஆத்தங்குடிக் கல், பர்மாத் தேக்கு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு என்று எல்லாவற்றைப் பற்றியும் எழுதியாகிவிட்டது. ஆனால் இந்த வட்டாரத்து அருங்காட்சியகங்களுக்கு நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து, எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து, ஒன்றையும் தெரிந்துகொள்ளாமல் வெளியேறுகிற காது கேளாதோரைப் பற்றி ஒரு வரிகூட என் கண்ணில் பட்டதில்லை. அதைச் சொல்லவே இக்கடிதம்.

என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இப்போது அவனுக்கு 55 வயது. நாங்கள் வளர்ந்தது காரைக்குடியை அடுத்த ஒரு கிராமத்தில், எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போய்ச் சம்பாதித்துக் கட்டிய வீட்டில். அவனைத் தவிர வீட்டில் காது கேளாதவர் எவருமில்லை என்பதால் முறையான சைகை மொழி எங்களுக்குத் தெரியாது. அவனும் நாங்களுமாக வீட்டுக்கென்று சில சைகைகளை உண்டாக்கிக்கொண்டோம். மீசையை முறுக்கினால் ஐயா. மூன்று விரல்களால் நெற்றியில் இழுத்தால், நெற்றி நிறையத் திருநீறு பூசும் அப்பத்தா. பர்மா என்பதற்கு, முகப்பில் நிற்கும் தேக்குத் தூணைக் கட்டிக்கொள்வதுபோல் இரு கைகளையும் வளைத்துக் காட்டுவோம். எங்கள் வீட்டில் பர்மாப் பேச்சுக்கு ஓய்வே கிடையாது என்பதால், அந்தச் சைகைக்கும் ஓய்வு இருந்ததில்லை. அவனுடைய 14ஆம் வயதில், வெளியூரில் அவன் தங்கிப் படித்த காது கேளாதோர் பள்ளியின் மூத்த மாணவர் ஒருவர் வரைபடத்தைக் காட்டிச் சைகை மொழியில் விளக்கிய பிறகுதான், பர்மா என்பது கடலுக்கு அப்பால் இருக்கும் ஒரு நாடு என்பதும், ஐயா அங்கே போய் வந்தவர் என்பதும் அவனுக்குத் தெரிந்தன. அதுவரை அந்தத் தூணுக்குப் பெயர்தான் பர்மா என்று அவன் நினைத்திருந்தான். கோடை விடுமுறைக்கு வந்தவன் எங்கள் ஆத்தாவிடம் அதைக் கேட்டுக் கோபித்துக்கொண்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எதிரிலேயே தூண் நின்றது. அதன் கதையை மட்டும் 14 ஆண்டுகளாக அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

கடந்த மாதம் அவனையும், அவனைப் போலவே காது கேளாத அவன் மனைவியையும், கல்லூரியில் படிக்கும் அவர்கள் மகளையும் அழைத்துக்கொண்டு, முற்றம் வைத்த பழைய வளவு வீடு ஒன்றை அருங்காட்சியகமாக மாற்றியிருக்கும் ஓரிடத்துக்குப் போயிருந்தேன். இடத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. குறை அந்த ஓரிடத்துக்கு மட்டும் உரியதன்று. வழிகாட்டி நல்ல மனிதர், வீட்டின் வரலாற்றை உள்ளும் புறமும் அறிந்தவர். எங்களுள் இருவருக்குக் காது கேட்காது என்று சொன்னதும் அவர் செய்த முதல் காரியம், குரலை உயர்த்தியது. அதனால் பயனில்லை என்று நான் சொன்னபோது, சுவரில் மாட்டியிருந்த பலகைகளைக் காட்டி, "எல்லாம் தமிழ்லயே எழுதிப் போட்ருக்கோம் ஆச்சி, படிச்சுக்கிருவாகல்ல?" என்று கேட்டுவிட்டு, மற்றவர்களை அழைத்துக்கொண்டு முன்னே நடந்தார். தம்பி மகளான, காது கேட்கும் என் மருமகள் தன்னால் இயன்றவரை கைகளால் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆனால் அவள் மொழிபெயர்ப்புக்குப் பயிற்சி பெற்றவள் அல்லள். கல்யாணக் கொட்டகையில் நின்று வழிகாட்டி பத்து நிமிடம் பேசினார். அவள் ஐந்தாறு சைகைகளில் முடித்துவிட்டாள். தம்பி அவளைப் பார்த்து, "மீதி எங்கே?" என்று கேட்டான். அவளுக்கு விடை சொல்லத் தெரியவில்லை. வங்கியிலும் மருத்துவமனையிலும் சிறுவயது முதலே தாய் தந்தையருக்காகப் பேசிப் பழகிய பெண் அவள். ஒரு விடுமுறை நாளிலாவது பார்வையாளராக நின்று பார்க்கும் உரிமை அவளுக்கும் உண்டு என்பதை அன்றுதான் நானே உணர்ந்தேன்.

"எழுதி வைத்திருக்கிறோமே, படித்துக்கொள்ளலாமே" என்ற அந்த விடையைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அருங்காட்சியகம் நடத்துவோர் பலரும் நல்லெண்ணத்தோடு சொல்லும் விடை அது. என் தம்பி அச்சகத்தில் எழுத்துக் கோப்பவனாக வேலைக்குச் சேர்ந்தவன். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய வரிகளைப் பிழையில்லாமல் படிக்கக் கூடியவன். எத்தனையோ திருமண அழைப்பிதழ்களின் "சுபயோக சுபதினத்தில்" அவன் கைகளின் வழியாகப் போயிருக்கிறது. தமிழ் எழுத்து அவனுக்குத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. அப்படிப்பட்டவன், "இக்கொட்டகையில் விருந்தினர் அமர்த்தப்பட்டு உபசரிக்கப்பட்டனர்" என்ற பலகையின் முன் நின்று, யார் யாரை உட்கார வைத்தார்கள் என்று என்னிடம் கேட்டான். அந்த வாக்கியத்தில் செய்தவர் யாரென்று இல்லை. செயல் வினையின் வாலில் ஒளிந்திருக்கிறது. காதால் கேட்டுக் கேட்டே தமிழைப் பெற்ற நமக்கு அது சிக்கலே இல்லை. ஒலியாக ஒருமுறைகூடக் கேட்டிராத மொழியை எழுத்திலிருந்தே கற்றுக்கொண்டவருக்கு, ஒவ்வொரு விகுதியும் தனியாக நின்று பொருள் கேட்கும்.

இதை அறிவுக் குறையாகவோ படிப்புக் குறையாகவோ கொள்ளக் கூடாது. காது கேளாத குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறப்பவர்கள். அவர்களுக்கு முதல் மொழி வீட்டில் கிடைப்பதில்லை. பள்ளிக்குப் போய்ப் பிற காது கேளாத பிள்ளைகளைச் சந்தித்த பிறகே கிடைக்கிறது. பள்ளியிலும் அது எளிதாகக் கிடைத்துவிடவில்லை. 1880ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, சைகையை விலக்கி வாய்ப் பேச்சிலேயே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்துக்கு வருந்துவதாக அதே மாநாட்டு வரிசையில் அறிவிப்பு வந்தது 2010ஆம் ஆண்டு, கனடாவின் வான்கூவரில். இடைப்பட்ட 130 ஆண்டுகளில் உலகெங்கும் எத்தனையோ பிள்ளைகள் வகுப்பில் கைகளைக் கட்டிக்கொண்டு உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் தம்பி படித்த பள்ளியிலும் வகுப்பறையில் சைகைக்குத் தடை இருந்தது. அவன் மொழி கற்றது விடுதித் தாழ்வாரத்தில்.

அந்த மொழி, தமிழைக் கைகளால் எழுதிக் காட்டுவதும் அன்று, ஊமை நாடகமும் அன்று. இந்திய சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. புருவத்தின் ஏற்ற இறக்கமும் தலையசைவும் முகக் குறிப்பும் அதில் அலங்காரமல்ல. வினா எது, மறுப்பு எது என்பதை அவையே காட்டுகின்றன. கேள்விச் சொல் அதில் வாக்கியத்தின் இறுதியில் வரும். "உன் பெயர் என்ன" என்று நாமும் இறுதியில்தான் கேட்கிறோம் என்பதை மருமகள் ஒருமுறை எனக்குச் சுட்டிக் காட்டியபோது, பள்ளியில் இத்தனை ஆண்டுகள் பாடம் நடத்தியும் இதை நான் கவனிக்கவில்லையே என்று வெட்கப்பட்டேன். ஆனால் இத்தகைய ஓரிரு ஒற்றுமைகளை வைத்துக்கொண்டு, தமிழ் வாக்கியத்துக்குச் சொல்லுக்குச் சொல் கையசைத்தால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. பிரெஞ்சுக்காரர் ஒருவருக்குப் பலகையைப் படிக்க முடியவில்லை என்றால் எழுத்தைப் பெரிதாக்கித் தருவதில்லை. பிரெஞ்சில் எழுதித் தருகிறோம். செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானில் வெளிநாட்டுப் பயணிகளுக்காக அத்தகைய ஏற்பாடுகளைப் பற்றிப் பேசுகிற நாம், நம் தெருவிலேயே வாழ்கிற ஒருவருக்கு அதே ஏற்பாட்டைச் செய்வதில் என்ன வியப்பு இருக்கிறது?

அருங்காட்சியகத்தில் காட்டக் கூடியது ஒன்று, சொல்ல வேண்டியது வேறொன்று. செட்டிநாட்டு வீடுகளில் இந்த இடைவெளி மிகவும் பெரியது. தூணைக் காட்டலாம், எனாமல் தூக்குச் சட்டியைக் காட்டலாம், பர்மாவிலிருந்து வந்த மரவை என்னும் அரக்குப் பூச்சுப் பாத்திரத்தைக் காட்டலாம். அவற்றை வாங்கிய பணம் எப்படி வந்தது என்பதை விரலால் சுட்டிக் காட்ட முடியாது. முதலாளி ஊரில் இருக்க, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிப்படியாக ஆட்களை வைத்து அக்கரையில் வட்டிக்கடை நடந்த விதம். கீழ்ப் பர்மாவின் நெல் விவசாயிகளுக்குக் கொடுத்த கடன். 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்து, கடனைத் திருப்ப முடியாமல் அவர்கள் நிலங்கள் நம்மவர் பெயருக்கு மாறியது. அதனால் அங்கே மூண்ட கசப்பு. 1942இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தபோது உயிர் பிழைத்தால் போதுமென்று காடு மலை கடந்து நடந்தே வந்தவர்கள். திரும்பிப் போனவர்களும் பின்னாளில் பர்மா அரசின் சட்டங்களால் நிலத்தை இழந்தது. இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்தத் தூண். (நிலத்தைப் பறிகொடுத்த பர்மிய விவசாயியைப் பற்றி வழிகாட்டிகள் வாய் திறப்பதில்லை என்பது வேறு கதை, அது காது கேட்பவருக்கும் மறைக்கப்படுகிறது.) கடன், வட்டி, கைமாறுதல், கசப்பு என்பவை கண்ணுக்குத் தெரியாத பொருள்கள். இவற்றைச் சொல்ல ஒரு முழு மொழி வேண்டும். என் தம்பிக்கு அந்த மொழி இருக்கிறது. அருங்காட்சியகத்துக்குத்தான் அது தெரியவில்லை.

இதில் எனக்கு உறுத்தலான ஒன்றையும் குறிப்பிட வேண்டும். செட்டிநாட்டு வீடு காது கேளாதவருக்குப் பகையான வீடன்று. முகப்பு வாசலிலிருந்து வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, பின்கட்டு வரை நிலைகள் நேர்கோட்டில் அமைந்திருப்பதால், முன்வாசலில் நிற்பவரைப் பின்வாசலில் நிற்பவர் பார்க்கலாம். முற்றத்தைச் சுற்றிப் பத்தி என்னும் தாழ்வாரம் ஓடுவதால் எதிரெதிர் மூலையில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கலாம். சிறு வயதில் தம்பி திண்ணையில் நின்றுகொண்டு, அடுப்படியில் இருக்கும் ஆத்தாவிடம் பசிக்கிறது என்று கையால் சொல்லுவான். அவளும் அங்கிருந்தே "இரு" என்று காட்டுவாள். நாங்கள் எல்லாரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த அதே வீட்டில் அவர்கள் இருவர் மட்டும் சத்தமில்லாமல் பேசிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட வீட்டை அருங்காட்சியகமாக்கிய பிறகு அது அவனுக்கு அந்நியமாகிவிட்டது என்பதை ஏற்க மனம் வரவில்லை.

வழிகாட்டிகள் உடனே மாற்றிக்கொள்ளக் கூடியவை சில உண்டு. நடந்துகொண்டே பேசக் கூடாது; பொருளின் பக்கம் திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு பேசக் கூடாது. முற்றத்து வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் விழும்படி நிற்கக் கூடாது. அப்படி நின்றால் முகமும் கையும் இருட்டாகிவிடும். நம் வீடுகளில் இதுதான் முதல் தொல்லை, ஏனென்றால் எந்தப் பத்தியில் நின்றாலும் ஒரு பக்கம் முற்றத்து வெயில் கண்ணைக் கூசும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, பார்ப்பதற்கும் கேட்பதற்கும் தனித்தனியே நேரம் கொடுப்பது. காது கேட்பவர், நகரத்தார் திருமணத் தாலியான கழுத்துருவைப் பார்த்துக்கொண்டே அதைப் பற்றிய விளக்கத்தைக் கேட்கலாம். காது கேளாதவர் சொல்பவரின் கைகளைப் பார்த்தால் கழுத்துருவைப் பார்க்க முடியாது. கழுத்துருவைப் பார்த்தால் சொல்வது தவறிப் போகும். ஆகவே முதலில் பொருளைப் பார்க்கவிட்டு, பிறகு நின்று சொல்லி, மறுபடியும் பார்க்க இடம் தர வேண்டும். உடன் மொழிபெயர்ப்பாளர் இருந்தாலும் இந்த ஒழுங்கு இல்லையென்றால் பயனில்லை.

அடுத்தது காணொளி. ஒவ்வோர் அரங்கிலும் முக்கியமான சில பொருள்களுக்கு மட்டும், இரண்டு நிமிடத்துக்கு மிகாத சைகை மொழிக் காணொளிகளை எடுத்து, பொருளின் அருகே கியூஆர் குறியீடாக ஒட்டிவைக்கலாம். எல்லாரிடமும் அதற்கேற்ற கைபேசி இருக்காது. இருந்தாலும் இரண்டடிச் சுவருக்குள் இணைய இணைப்பு கிடைக்காது. எனவே நுழைவுச் சீட்டு கொடுக்கும் இடத்தில், காணொளிகளை ஏற்றிவைத்த இரண்டு மூன்று டேப்லெட்டுகளை இரவலாகக் கொடுப்பதுதான் நம் வீடுகளுக்குப் பொருந்தும். காணொளியில் தோன்றுபவர் காது கேளாதவராக, அந்த மொழியிலேயே வளர்ந்தவராக இருக்க வேண்டும் என்பதை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பயிற்சி வகுப்பில் ஓரிரு மாதம் கற்ற காது கேட்பவர்கள் கையசைக்கும் காணொளிகளைத் தம்பியும் அவன் நண்பர்களும் பார்த்துச் சிரிப்பதை நான் கண்டிருக்கிறேன். உருவத்தைத் திரையின் மூலையில் அஞ்சல் தலை அளவுக்குச் சுருக்கி வைப்பதும் ஒரு வழக்கமாகிவிட்டது. விரல்களே தெரியாத அளவில் சைகை மொழி எதற்கு?

சொற்களைப் பொறுத்தவரை ஒரு பெரிய வேலை காத்திருக்கிறது. 2015இல் டெல்லியில் நிறுவப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம், 2018இல் 3,000 சொற்களோடு வெளியிட்ட அகராதியை 2021க்குள் 10,000 சொற்களாகப் பெருக்கியிருக்கிறது. பாராட்ட வேண்டிய பணி. ஆனால் ஓலைக் கூடையான கொட்டானுக்கும், சொத்துக் கடன் கணக்கான ஐந்தொகைக்கும், திருமண ஒப்பந்தமான இசைகுடிமானத்துக்கும், பெட்டியடிப் பையனுக்கும் டெல்லியில் சைகை உருவாகும் என்று எதிர்பார்க்க முடியாது. இவ்வட்டாரத்துக் காது கேளாதோரை அழைத்து, பொருளைக் கையில் கொடுத்து, இதை எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். சிலவற்றுக்கு ஏற்கெனவே வீட்டுச் சைகை இருக்கும்; சிலவற்றுக்கு அவர்களே கூடி முடிவு செய்வார்கள். கீழடியை எடுத்துக்கொள்வோம். நம் சிவகங்கை மாவட்டத்தில், செட்டிநாட்டு வீட்டின் பாணியிலேயே கட்டப்பட்டு 2023 மார்ச் மாதம் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் அது. அகழாய்வில் கிடைத்த பானையோடுகளில் "ஆதன்", "குவிரன்" என்று தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் கீறிய பெயர்கள் இருக்கின்றன. இந்திய சைகை மொழியில் பரவலாக வழங்கும் இரு கை விரலெழுத்தோ ஆங்கில எழுத்துகளுக்கானது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு தமிழில் கீறிய பெயரை ஆங்கில எழுத்துக் கூட்டியா சொல்வது? தம்பியிடம் இதைக் கேட்டேன். சிறிது யோசித்துவிட்டு, இடது கையைப் பானைபோல் வளைத்து, வலது கைச் சுட்டுவிரலால் அதன் வயிற்றில் கீறிக் காட்டினான். இதைவிடச் சிறந்ததை எந்த அறிஞர் குழுவும் சொல்லிவிடும் என்று நான் நினைக்கவில்லை.

காணொளிகளோடு நின்றுவிடாமல், காது கேளாத இளைஞர்களையே வழிகாட்டிகளாக நியமிக்க வேண்டும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் அமெரிக்கச் சைகை மொழியிலேயே நடத்தப்படும் சுற்றுலாக்கள் உண்டு. அங்கே சைகையில் சொல்லப்படுவதை, சைகை தெரியாதவர்களுக்காகக் குரலில் மொழிபெயர்க்கிறார்கள். அதாவது அந்த ஒரு மணி நேரத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படுபவர் காது கேட்பவர். லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் பிரிட்டிஷ் சைகை மொழியில் விளக்கவுரைகளை நடத்தி வருகிறது. நம் ஊரில் அத்தகைய வேலை இருந்தால், படித்துவிட்டுத் தையலுக்கோ அச்சகத்துக்கோ போவதைத் தவிர வேறு வழியில்லை என்று இருக்கும் பிள்ளைகளுள் நான்கு பேராவது இவ்வீடுகளின் கதையைக் கற்றுக்கொண்டு சொல்லுவார்கள்.

இது சலுகை கேட்கும் கடிதம் அன்று. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழியைத் தொடர்பு முறைகளுள் ஒன்றாகவே வரையறுக்கிறது. அதன் 29ஆம் பிரிவு, கலைகளை மாற்றுத்திறனாளிகள் அணுகும்படி செய்வதை அரசுகளின், உள்ளாட்சிகளின் கடமையாக வைக்கிறது. அவர்களுடைய வரலாற்றைச் சொல்லும் ஓர் அருங்காட்சியகத்தை அமைக்க வேண்டும் என்றுகூட அதே பிரிவு சொல்கிறது. பண்பாட்டு வாழ்வில் பங்கேற்பதையும், சைகை மொழிகளுக்கும் காது கேளாதோர் பண்பாட்டுக்குமான அங்கீகாரத்தையும் உரிமையாகக் கூறும் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 2007இலேயே ஏற்றுக்கொண்டது. உலக அருங்காட்சியக மன்றமும் 2022இல் திருத்திய தன் வரையறையில், அனைவரும் அணுகக் கூடியதாக இருப்பதை அருங்காட்சியகம் என்ற சொல்லின் பொருளுக்குள்ளேயே சேர்த்துவிட்டது. 1851இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்தையும், 1910இல் தொடங்கிய புதுக்கோட்டை அருங்காட்சியகத்தையும் கொண்ட நம் அரசுத் துறைக்கு இது புதிய பாடமாக இருக்க வேண்டியதில்லை. அரசு அருங்காட்சியகங்களில் தொடங்கினால் தனியார் வீடுகள் பின்தொடரும்; செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கும் நிலையில், அதற்கான தயாரிப்புகளோடு இதையும் சேர்த்துச் செய்யலாம்.

எத்தனை பேர் வரப்போகிறார்கள் என்று கேட்பார்கள், என்னிடமே கேட்டார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் செவித்திறன் குறைபாடுடையோர் 50 லட்சத்துக்கும் மேல். அவர்களுள் எத்தனை பேர் காரைக்குடிப் பக்கம் வருவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் சென்ற முறை போய்ப் பார்த்து ஒன்றும் புரியாமல் திரும்பியவர் அடுத்த முறை ஏன் வர வேண்டும்? வராதவர்களை எண்ணிவிட்டு, தேவையில்லை என்று முடிவு கட்டுவது கணக்குத் தெரிந்த ஊருக்கு அழகன்று. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைகை மொழியில் சுற்றிக் காட்டப்படும் என்று முன்கூட்டி அறிவித்துப் பார்க்கட்டும். செய்தி அவர்களிடையே எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதை, தம்பியின் கைபேசிக்கு இரவெல்லாம் வரும் காணொளி அழைப்புகளைப் பார்க்கும் எனக்குத் தெரியும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அதிகாரிகள் மனுவைக் கவனிக்கவில்லை என்ற செய்திக்குத் தங்கள் நாளிதழ் "செவிடன் காதில் ஊதிய சங்கு" என்று தலைப்பிடுவது உண்டு. அந்தத் தலைப்பு வந்த நாளில் நாளிதழைத் தம்பி படித்துக்கொண்டிருந்தான். கோபப்படவில்லை. கேட்க முடியாதவனையும் கேட்க மறுப்பவனையும் ஏன் ஒன்றாக்குகிறார்கள் என்று மட்டும் கேட்டான்.

இக்கடிதத்தை அனுப்புவதற்கு முன்பு மருமகளைக் கொண்டு முழுவதையும் சைகையில் அவனுக்குச் சொல்லச் செய்தேன். ஒரு மணி நேரம் பிடித்தது. இந்த முறை மீதி எங்கே என்று அவன் கேட்கவில்லை. இரண்டு திருத்தங்கள் சொன்னான். தன்னை எழுத்துக் கோப்பவன் என்று எழுதியிருக்கிறேனாம். அச்சகத்தில் இப்போது கணினியில் பக்கம் வடிவமைப்பது அவன்தானாம், அதையும் குறிப்பிட வேண்டுமாம். மற்றொன்று, அந்த வீட்டுத் தூண்களைப் பற்றி யாராவது சைகை மொழியில் காணொளி எடுப்பதானால் தனக்குச் சொல்லியனுப்ப வேண்டுமாம். முகூர்த்த மாதங்களில் அழைப்பிதழ் வேலை இருக்கும்; மற்ற நாள்களில் எப்போது கூப்பிட்டாலும் வருவானாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
காரைக்குடி.